ஃபீட் பட்டியலை அனுப்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் ஆர்எஸ்எஸ் ரீடரில் நாம் படிக்கிற ஃபீடுகளின் (ஒரு தளம் தன் புதுப் பதிவுகளைத் தரும் முகவரிகளின்) பட்டியலை ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பாக எடுத்து நண்பருக்கு அனுப்புவது நல்ல பழக்கம்தான், ஆனால் அனுப்பும் முன் அந்தக் கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். காசு கட்டிக் கேட்கும் பாட்காஸ்ட், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் தனிப்பட்ட ஃபீட் மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஃபீடின் முகவரிக்குள்ளேயே டோக்கன் என்று நீளமாக ஒரு எழுத்தும் எண்ணும் கலந்த கோவை இருக்கும், அதுதான் சாவி. அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் உங்கள் கணக்கில் அவர்கள் படிக்கலாம். அந்த வரிகளை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? கோப்பை அழித்துப் பயனில்லை, அந்தச் சேவையின் செட்டிங்ஸில் போய் டோக்கனை மாற்றினால்தான் பழைய முகவரி செல்லாமல் போகும். அலுவலக ஃபீடை ஆன்லைன் ரீடரில் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான், சாவி வேறொருவர் சர்வரில் போய் உட்கார்ந்துவிடும்.

அப்புறம், ரீடரை அப்டேட் செய்து வையுங்கள். ஃபீடுக்குள் வருவதும் வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்தான், அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்டை, அதாவது தானாக ஓடும் சிறு நிரலைச் சரியாக வடிகட்டாத பழைய ரீடர் அதை அப்படியே ஓட்டிவிடும். படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள்; ஒரே ஒரு பிக்சல் அளவு படம் போதும், எந்த ஐபியிலிருந்து (உங்கள் இணைய இணைப்பின் எண்ணிலிருந்து) எப்போது திறந்தீர்கள் என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.