இரண்டாம் பாகத்தில் ஜைரோவைத் திணிக்கும் முன்

ஒரு கேமின் முதல் பாகத்தை ஆடியவரின் கட்டைவிரலில் ஒரு பழக்கம் ஊறியிருக்கும். இரண்டாம் பாகத்துக்கு உங்கள் கையில் இருக்கும் மூலதனமே அதுதான். 2016-இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலில் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோ அந்த மூலதனத்தைத்தான் இழந்தது. டிவியில் விமானத்தின் பின்தோற்றம், கையிலிருக்கும் கேம்பேடில் (திரையுள்ள கன்ட்ரோலரில்) விமானி அறை. குறிபார்க்க கேம்பேடையே சாய்க்க வேண்டும். கண் இரண்டு திரைக்கும் அலைந்தால் சண்டையில் கவனம் எப்படி நிற்கும்?

நெல்லையில் மொபைல் கேம் செய்பவர்கள் போனைச் சாய்த்து ஓட்டும் வசதியைச் சேர்க்கும் முன், அதே லெவலைப் பட்டனிலும் ஆடும்படி செய்யுங்கள். முதல் பாகம் ஆடிய ஐந்து பேர், முறைக்குப் பத்து ஆட்டம். தோற்றதை மட்டும் எண்ணாதீர்கள். "நான் சரியாத்தான் சாச்சேன், அது திரும்பல" என்று எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று குறியுங்கள். சாய்ப்பதில் அந்தப் புகார் கூடினால் பட்டனே இயல்புநிலை.

அடுத்து, புது பஸ் ஸ்டாண்டில் ஏறி ஆலங்குளம் வழியாகத் தென்காசி வரை ஆடிப் பாருங்கள். அறையில் ஒழுங்காக ஓடியது இங்கே தடுமாறும். போனின் சாய்வை அறிய உதவும் ஆக்ஸிலரோமீட்டர் சென்சார் புவியீர்ப்பையும் அசைவையும் சேர்த்தே அளக்கிறது. டிரைவர் பிரேக் போட்டால் போன் சாய்ந்ததாகவே அது நினைக்கும். பழைய அளவில் 0.8 பங்கு, புதிதில் 0.2 பங்கு என்று கலந்தால் நடுக்கம் குறையும், ஆனால் வண்டி தாமதமாகத் திரும்பும். ஓட்டப்பந்தய கேமுக்கு அந்தத் தாமதம் ஆகாது. பாயில் படுத்து ஆடுபவருக்காக, போனைப் பிடித்திருக்கும் நிலையையே சுழியமாக்கும் ஒரு பட்டனும் வேண்டும்.

பலரும் வழுக்கும் இடம் மேனிஃபெஸ்ட், அதாவது கேமுக்கு என்னென்ன தேவை என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் கோப்பு. அதில் போன் சுழல்வதை உணரும் ஜைரோஸ்கோப்பை (சுருக்கமாக ஜைரோ) 'யூசஸ்-ஃபீச்சர்' என்ற வரியில் சேர்த்து 'ரெக்வயர்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால், அந்த சென்சார் இல்லாத போன்களுக்கு பிளே ஸ்டோர் உங்கள் கேமைத் தராது. அந்த வரியில் 'ரெக்வயர்ட்' என்பதையே எழுதாமல் விட்டாலும் 'ட்ரூ' என்றே பொருள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஜைரோ கிடையாது. முதல் பாகத்தை அதில் ஆடியவரை நீங்களே வாசலில் நிறுத்துகிறீர்கள். 'ஃபால்ஸ்' என்று எழுதி, கேம் திறக்கும்போது சென்சார் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் பட்டனைக் காட்டுங்கள்.

சாய்ப்பதே ஆட்டமாக இருந்தால் கதை வேறு. 2011-இல் வந்த செல்டா ஸ்கைவார்டு ஸ்வார்டில் வாளை வீசும் திசையைப் பார்த்தே எதிரி தடுப்பான். அதற்காக மோஷன் பிளஸ் என்ற அசைவு சென்சார் கட்டாயமாக இருந்தது. அதற்கும்கூட 2021 ஸ்விட்ச் பதிப்பில் பட்டனில் ஆடும் வழியைத் திறந்தார்கள். உங்கள் கேமில் அந்தத் தேர்வை செட்டிங்ஸுக்குள் புதைக்காமல் முதல் திரையிலேயே வையுங்கள்.