குடியை நிறுத்தும் முதல் நான்கு நாள்: மலையில் வாழும் குடும்பங்களுக்கு

விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பும் முன், டம்ளரை இரண்டு கைகளால் பிடித்தும் டீ தளும்பிச் சிந்துகிறது என்றால் அது ஊட்டிக் குளிரால் வந்த நடுக்கம் அன்று. ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் அதைச் செரிக்கும். இரவு 9 மணிக்குக் காலியான குவார்ட்டர் விடியும்போது உடலில் தீர்ந்துவிட, நடுக்கம் தொடங்குகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனதும் நின்றுவிடுகிறது.

மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கு ஆல்கஹால் வலுக் கூட்டுகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை மட்டுப்படுத்துகிறது. தினமும் இப்படி நடக்கும்போது மூளை தன் அடக்கும் சக்தியைக் குறைத்து, தூண்டும் சக்தியைக் கூட்டிச் சரிக்கட்டிக்கொள்கிறது. பர்லியாறு இறக்கத்தில் பிரேக் அறுந்த லாரியின் கதிதான், ஆண்டுக்கணக்காகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது அவருடைய மூளைக்கும் நேர்கிறது. ஆகவே, கோவிலில் சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டிவைக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். காலை நடுக்கம் உள்ளவரும் முன்பு வலிப்பு வந்தவரும் மருத்துவமனையில் தங்கி நிறுத்துவதே நல்லது. அங்கே டயஸிபாம் போன்ற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். அதை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. சோர்ந்து கிடப்பவரைக் கண்டதும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் பழக்கம். குடிப்பவரின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எனவே, வெட்கப்பட்டுக் குடியை மறைக்காமல் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பின் வியர்வை, குமட்டல், படபடப்பு வரும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தம் கலங்கும்: கம்பளியில் பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருப்பார், மனைவியை அடையாளம் தெரியாமல் யாரோ என்பார், காய்ச்சல் அனலாக அடிக்கும். காத்துக் கருப்பு என்று பூசாரியை அழைத்து வந்து ஓர் இரவை இழந்துவிடாதீர்கள். இது உயிரைப் பறிக்கக்கூடியது. உடனே 108-ஐ அழையுங்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பனிமூட்டமும் யானையும் உள்ள வழியில் நள்ளிரவில் வண்டி தேடுவதைவிட, அறிகுறி தென்பட்ட பகலிலேயே கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம்.

குளிருக்குக் குடித்தால் கதகதப்பு என்பதும் ஏமாற்றுதான். தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு தெரிகிறதே தவிர, உள்ளுடம்பின் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. உறைபனி விழும் தை மாத இரவில் மப்பில் வழியோரம் கிடப்பவரைப் பார்த்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, கம்பளி போர்த்தி, உதவிக்கு ஆள் அழையுங்கள்.

குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கவே கலக்காதீர்கள். அதன் மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான்கு நாள் கடந்ததும் நடுக்கம் அடங்கும், ஆசை அடங்காது. ஆசையைத் தூண்டும் டோப்பமைன் என்ற வேதிப்பொருள் வழியாக மூளை படித்துவைத்த பாடம் மாதக்கணக்கில் மறையாது. கடை இருக்கும் திருப்பத்தைக் கண்டாலே நாக்கு ஊறும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416-உம் கட்டணமில்லாதவை. சம்பள நாளன்று மட்டுமாவது வீட்டில் ஒருவர் தோட்டத்து வாசலுக்கே போய், கடை இல்லாத குறுக்குவழியில் அவரோடு பேசிக்கொண்டே வீடு வரை நடந்து வாருங்கள்.