செல்லுலாய்ட் பிடி அழுகும்போது சவரக்கத்தியைக் காப்பாற்றுவது எப்படி

ரங்கூனிலும் மோல்மீனிலும் பழைய தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் மடக்குச் சவரக்கத்திகள் இன்னும் கிடக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் அடித்த எஃகு அவை. ஒழுங்காகத் தீட்டினால் இன்றைக்கும் வேலை செய்யும். அந்த எஃகைத் தின்பது பல வேளைகளில் அதன் சொந்தப் பிடிதான்.

செல்லுலாய்ட் என்பது நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்த பருத்தி நாரும் கற்பூரமும் சேர்ந்த பொருள். ஆண்டுகள் போகப் போகக் கற்பூரம் ஆவியாகிப் பிடி சுருங்கி வளைகிறது. நார்ப்பகுதி சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடுகிறது. காற்றின் ஈரம் பட்டதும் அது நைட்ரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் மிச்சப் பிடியையும் சிதைக்கும், சிதைந்த பகுதி மேலும் அமிலம் விடும். தொடங்கிவிட்டால் நிறுத்த மருந்து கிடையாது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழையும் புழுக்கமும் விடாத பர்மாவில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

முதலில் பிடி செல்லுலாய்ட்தானா என்று பாருங்கள். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து மோந்தால் கற்பூர வாசம் வரும். கொம்பாக இருந்தால் கற்பூரம் மணக்காது. வெளிச்சத்தில் நார்க்கோடுகள் தெரியும். கறுப்பு ரப்பர் பிடியில் கந்தக நெடி அடிக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பற்றும், அதன் புகையும் நஞ்சு.

எல்லாச் செல்லுலாய்டும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. ஆமையோடு போலவும் தேன் நிறத்திலும் ஒளி ஊடுருவும் பிடிகள் முதலில் போகும். தந்தம் போலச் செய்த வெள்ளைப் பிடிகளில் நிறத்துக்காகத் துத்தநாக ஆக்சைடு கலந்திருப்பார்கள். அது அமிலத்தை உறிஞ்சி அடக்குவதால் அவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

பிடி கெடுவதை எஃகும் பித்தளையும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆணித் தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறும். கத்தியை மடக்கினால் பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் செந்துரு பிடிக்கும், வெளியே நிற்கும் வால் பளபளப்பாகவே இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் பிடி பார்க்க அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள். அடுத்த கட்டத்தில் பிடிக்குள் கட்டம் கட்டமாக விரிசல் விழும், மேலே பிசுபிசுப்பு வியர்க்கும், மூக்கைக் குத்தும் அமில நெடி வரும். சந்தேகமென்றால் லிட்மஸ் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிடியில் ஒட்டி வையுங்கள். நீலத்தாள் சிவந்தால் அன்றே கழற்றுங்கள்.

கழற்றும் வேலை

ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத இடத்தில் உட்காருங்கள். கத்தியின் வாய்க்கு இரண்டு மடிப்பு டேப் ஒட்டுங்கள். அழுகிய பிடி நொறுங்கும் என்பதால் சிறு கட்டரால் ஆணியைச் சுற்றித் துண்டு துண்டாக ஒடித்தெடுக்கலாம். பிறகு ஆணியின் தலையைக் கை அரத்தால் அராவி, மிச்சத்தை மெல்லிய கம்பியால் தட்டித் தள்ளுங்கள். மின் துரப்பணமும் பாலிஷ் சக்கரமும் இந்தப் பிடியில் படக்கூடாது. உராய்வுச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

ஒடித்த துண்டுகளைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். முற்றத்தில் குப்பை எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், அவை அந்தக் குவியலுக்குப் போகாதபடி பாருங்கள்.

கத்தியைக் கழுவ, கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரையுங்கள். பழைய பல் துலக்கியால், ஆணித் துளைக்குள்ளும் விட்டுத் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, உடனே துடைத்து, ஸ்பிரிட் தடவி ஈரத்தை வாங்குங்கள். சோடா கத்திக்கு மட்டும்தான். பிடியை அதில் ஊறவைத்தால் காரமும் செல்லுலாய்டைச் சிதைக்கும். துருவுக்கு 600 எண் வாட்டர் பேப்பரில் எண்ணெய் விட்டுத் தொடங்கி 1000, 2000 என்று போங்கள். எழுத்துப் பொறிப்பும் தங்கப் பூச்சும் இருக்கும் பக்கத்தைத் தொடாதீர்கள், ஒரே தேய்ப்பில் போய்விடும். கறுத்த குழிகள் நடுவில் இருந்தால் விட்டுவிடலாம். வாயோரம் வரை குழி போயிருந்தால் தீட்டத் தீட்ட அந்த இடம் உதிர்ந்துகொண்டே இருக்கும். குழி தாண்டும்வரை வாயைத் தேய்த்துக் குறைக்க வேண்டும், அதற்கு அகலம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதுப் பிடி

பழைய பிடியை அச்சாக வைத்து வரைவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அது சுருங்கியிருக்கிறது. கத்தியையே தாளில் வைத்து, ஆணித் துளையிலிருந்து முனை வரை அளந்து, முனைக்கு அப்பால் 5 மில்லிமீட்டர் இடம் விட்டு வரையுங்கள். எருமைக் கொம்பு நல்ல பொருள், ஆனால் ஈரத்தில் வளையும், பூச்சியும் அரிக்கும். தேக்கு நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதோடு மழைக்காலத்திலும் அதிகம் உப்பாது, சுருங்காது. அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுப் பசையைப் பிடிக்கவிடாது என்பதால், ஆப்பு (பிடியின் இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே ஒரு முனையில் வைக்கும் சிறு துண்டு) ஒட்டும் இடத்தை முதலில் அசிட்டோனால் துடையுங்கள். ஒரு பக்கத்துக்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். இரண்டு பலகைகளையும் டேப்பால் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் துளையிட்டால்தான் கத்தி நடுவில் விழும்.

ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. வாஷருக்கு மேலே அரை மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை நீட்டி விட்டு, எஃகுக் கட்டையில் வைத்து, சிறு உருண்டைத்தலைச் சுத்தியால் இருபுறமும் மாற்றி மாற்றி மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளைந்து பலகை பிளக்கும். விட்ட இடத்தில் கத்தி நின்றால் இறுக்கம் சரி.

கெடாத செல்லுலாய்ட் பிடிகளைத் தனியாக வையுங்கள். அழுகிய கத்தியோடு ஒரே பெட்டியில் இருந்தவை என்றால் அவற்றின் கத்திப் பகுதியையும் சோடா நீரால் துடைத்து எண்ணெய் தடவி, அமிலம் ஊறிய பெட்டியின் துணியைக் கழற்றி எறியுங்கள். பாலிதீன் பையும் காற்றுப்புகாத டப்பாவும் வாயுவை உள்ளேயே அடைத்துவிடும். காற்றோட்டமான தட்டில், வெயில் படாமல், கத்தியைப் பாதி திறந்து வைப்பதே நல்லது. தேங்காயெண்ணெய் நாளாகிப் பிசினாகும். மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். பிடியில் ஸ்பிரிட்டோ அசிட்டோனோ படக்கூடாது, இரண்டும் அதை இளக்கும். மழை மாதங்களில் மாதம் ஒருமுறை எடுத்து மோந்து, ஆணித் தலையை உருப்பெருக்கியால் பாருங்கள். பச்சை தட்டினால் அந்த ஒன்றை உடனே பிரித்தெடுங்கள்.