பெரிய அட்ரீனல் கட்டிக்கு லேப்பராஸ்கோப்பி: அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி இருந்தால், அதை லேப்பராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் அறுவை) மூலம் அகற்றலாமா என்பதை அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அருகிலுள்ள உறுப்புகளிலோ பெரிய இரத்தக் குழாய்களிலோ அது ஊடுருவியிருந்தால், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையே பாதுகாப்பானது.

முதலில் ஹார்மோன் பரிசோதனைகளை, குறிப்பாக மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சிதைவதால் உண்டாகும் பொருள்) பரிசோதனையை, முடித்துவிடுங்கள். அதற்கு முன் ஊசி வழியாகத் திசு எடுக்க ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக (அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும் கட்டி) இருந்தால், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு உயரக்கூடும். அவ்வகைக் கட்டி உறுதியானால், அறுவைக்கு முன் 7 முதல் 14 நாட்கள் ஆல்ஃபா தடுப்பு மருந்தை (இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பது) எடுத்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் அளவில் உப்பும் நீரும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீட்டா தடுப்பு மருந்து (இதயத் துடிப்பைக் குறைப்பது) தேவைப்பட்டால், ஆல்ஃபா மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே அதை ஆரம்பிக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது.