விழப்போகிற பல்தானே என்று விட்டால் வரும் வினை

"பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப்போவுது." குழந்தையின் சொத்தைப் பல்லைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். விழப்போவது உண்மைதான். எப்போது விழும் என்பதில்தான் கணக்குத் தப்புகிறது. நடு முன்பற்கள் 6, 7 வயதில் விழும். பால் கடைவாய்ப் பற்களோ 9 வயதுக்கு மேல்தான் ஆட ஆரம்பிக்கும்; அவற்றில் கடைசிப் பல் 12 வயது வரைகூட இருக்கும். 4 வயதில் அதில் ஓட்டை விழுந்தால், அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் குழந்தை இன்னும் ஆறேழு வருடம் மென்று சாப்பிட வேண்டும்.

பல் முளைக்கும்போது

முதலில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் கீழ் நடுப்பல். 6 முதல் 10 மாதத்துக்குள். பிறகு மேல் நடுப்பல், பக்கப் பற்கள். ஒன்றேகால் வயதையொட்டி முதல் கடைவாய்ப் பல், அதன் பின் கோரைப் பல், கடைசியாக இரண்டாம் கடைவாய்ப் பல். மேலே 10, கீழே 10 என்று 20 பல்லும் மூன்று வயதுக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 5 மாதத்திலேயே முளைத்துவிட்டதே என்று ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஒரு வயது வரை பொக்கை வாயாகவே இருக்கும் குழந்தைகள் உண்டு. 18 மாதம் ஆகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். வரிசை முன்பின் மாறுவது சாதாரணம். அதைச் சொல்லிப் பெற்ற தாயைப் பயமுறுத்துவது பாவம்.

பல் முளைக்கும் காலத்தில் நடக்கும் ஆபத்தான தவறு வேறு. காய்ச்சல் வந்தாலும் பேதி போனாலும் "பல் முளைக்குது, அதான்" என்று விட்டுவிடுவது. பல் முளைப்பதால் எச்சில் வடியும், ஈறு வீங்கிச் சிவக்கும், குழந்தை சிணுங்கும், உடம்பு லேசாகக் கதகதக்கலாம். அவ்வளவுதான். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் போகும் காய்ச்சல் பல்லால் வருவதில்லை. தண்ணீராகப் போகும் பேதியும் பல்லால் வருவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்குவது, இணை உணவு ஆரம்பிப்பது, தவழ்ந்து போய்க் கையில் கிடைத்ததை வாயில் வைப்பது எல்லாமே இந்த ஆறாம் மாதத்தையொட்டித்தான். பல்லும் அதே நேரத்தில் வருவதால் பழி அதன் மேல் விழுகிறது. பேதி என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஈறில் தடவும் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும் வேண்டாம். பென்சோகெயின் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும். தேன் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். பச்சைக் கேரட் துண்டு தொண்டையில் சிக்கும். கழுவிய விரலால் ஈறை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். சுத்தமான ஈரத்துணியையோ கடிக்கும் வளையத்தையோ ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து ஈறைப் புண்ணாக்கும்.

மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, மேல் உதட்டைத் தூக்கி, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டினாற்போல், சுண்ணாம்பில் இழுத்த கோடு போல வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். அந்த நிலையில் பிடித்தால், பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு என்ற தாதுவின் பூச்சிலும் பழக்கத்தை மாற்றுவதிலும் நிறுத்திவிடலாம். விட்டால் கோடு பழுப்பாகி, பல் செதில் செதிலாக உடையும்.

பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க வைப்பதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும். பால் பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும், மேல் பற்கள் மாட்டிக்கொள்ளும். பாலில் சர்க்கரை போட்டால் இன்னும் மோசம். ராத்திரி பல் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். (இரும்புச்சத்து டானிக் குடிக்கும் குழந்தையின் பல்லில் படியும் கறுப்புக் கறை சொத்தை அல்ல, பல் டாக்டர் தேய்த்து எடுத்துவிடுவார்.)

துலக்குவது முதல் பல் வந்த நாளிலிருந்தே. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதன் பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்குவது தவறு; ஃப்ளோரைடே இல்லாத பேஸ்ட்டைத் தேடி வாங்குவதும் தவறுதான். டியூபில் ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் உள்ள பகுதிகளில் மட்டும் பல் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உப்பு, கரி, சாம்பல், சொரசொரப்பான பல்பொடி எல்லாம் பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலைத் தேய்த்துவிடும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். பிள்ளை தானே துலக்க ஆசைப்பட்டால் துலக்கட்டும், முடிவில் ஒரு தடவை நீங்கள் துலக்கிவிடுங்கள்.

ஆறு வயதில் ஓசையில்லாமல் வரும் பல்

ஆறு வயதையொட்டி, ஒரு பல்கூட விழாமலேயே, பால் பல் வரிசைக்குப் பின்னால் மேலும் கீழும் இருபுறமும் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இவை பால் பற்கள் அல்ல. ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய நிலைப்பற்கள். எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் இது வந்ததே தெரிவதில்லை. பின்னால் சொத்தை தெரியும்போது "பால் பல்தானே" என்று அதையும் விட்டுவிடுகிறார்கள். பல் டாக்டர் "இது இனி முளைக்காதும்மா" என்று சொல்லும்போதுதான் தூக்கிவாரிப்போடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போங்கள். இந்த வயதில் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான் பால் பல். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிலைப்பல். பாதி ஈறு மூடியபடி, மற்றப் பற்களைவிடத் தாழ்வாக மாதக்கணக்கில் நிற்கும். நேராகத் துலக்கினால் பிரஷ் அதைத் தொடாமல் மேலே போய்விடும். பிரஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்துத் துலக்க வேண்டும். மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருப்பதால் உணவு சிக்கிக்கொள்ளும். பல் முழுதாக வெளியே வந்ததும் அந்தப் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு போட்டுவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது.

இந்தப் பல்லுக்கும் முன்னாலிருக்கும் பால் பல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பால் கடைவாய்ப் பல் தனக்குக் கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. சொத்தை என்று அதை 5, 6 வயதில் பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்தால், ஆறு வயதுப் பல் முன்னால் சாய்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். 11 வயதில் வர வேண்டிய பல் இடமில்லாமல் எலும்புக்குள்ளேயே நிற்கும், அல்லது தெத்துப்பல்லாக வரும். முடிந்தவரை வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் உறை போட்டுப் பால் பல்லைக் காப்பாற்றுங்கள். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், இடத்தைக் காக்கும் கம்பி வளையம் தேவையா என்று அப்போதே கேளுங்கள். ஈறில் கொப்புளம் மாதிரி சீழ்க் கட்டி வந்து, உடைந்து, வலி நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே சீழ் நீடித்தால் கீழே வளரும் பல்லின் எனாமலையே அது கெடுத்துவிடும்.

பல் ஆடத் தொடங்கியதும்

விழுந்த பால் பல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் வேர் இருக்காது. சிறு கிண்ணம்போல் குழிந்து, லேசாகச் சிவந்திருக்கும். வேர் உள்ளேயே உடைந்துவிட்டதோ என்று பதறுகிறார்கள். உடையவில்லை, கீழிருந்து நிலைப்பல் மேலே வர வர அந்த வேர் கரைந்துபோய்விட்டது. நூல் கட்டி இழுக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். வேர் பாதிதான் கரைந்திருந்தால் ஈறு கிழியும், ரத்தம் கொட்டும், வேர்த்துண்டு உள்ளே தங்கவும் கூடும். குழந்தையே நாக்கால் ஆட்டட்டும். வெறும் தோலில் தொங்கும் நிலைக்கு வந்ததும் சுத்தமான துணியால் பிடித்து லேசாகத் திருகினால் வந்துவிடும். பஞ்சை 10, 15 நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாலும், டப்பாவில் எடுத்து வைத்தாலும் உங்கள் விருப்பம்.

பால் பல் விழுமுன்னே அதன் பின்னால் நிலைப்பல் முளைத்து இரட்டை வரிசை தெரிந்தால் பதற வேண்டாம். கீழ் முன்பற்களில் இது சகஜம். முன்னால் உள்ளது ஆடிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள். இரண்டு மூன்று மாதமாகியும் அசையவே இல்லை என்றால் காட்டுங்கள். புதுப் பல் பழையதைவிட மஞ்சளாகவும் விளிம்பில் ரம்பம்போலவும் இருக்கும், அது இயல்பு. 7 வயது முதல் மேல் முன்பற்கள் விரிந்து நடுவில் சந்து தெரிவதும் பெரும்பாலும் 11, 12 வயதில் கோரைப் பல் இறங்கும்போது மூடிக்கொள்ளும். அதற்காக அவசரப்பட்டுக் கம்பி கட்டவேண்டாம். அடிபடாமலே 4 வயதுக்கு முன் பல் விழுந்தாலோ, 8 வயதாகியும் ஒன்றுகூட விழாவிட்டாலோ, ஒரு பக்கம் விழுந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் ஆடாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

விழுந்து அடிபட்டுப் பல் முழுசாகக் கழன்று வந்தால் வயதைப் பாருங்கள். பால் பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது, உள்ளே இருக்கும் பல் சேதமாகும். நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, அழுக்கு இருந்தால் சில விநாடி மட்டும் கழுவி, அதே குழியில் செருகித் துணியைக் கடிக்க வையுங்கள். செருக முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்ச் சேருங்கள்.