குறைமாதக் குழந்தைக்குப் புட்டியில் பால் கொடுக்கும்போது எப்படிப் பிடிக்க வேண்டும்

குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து, புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பதுதான் பல வீடுகளில் பழகிப்போன முறை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை அதை எப்படியோ சமாளித்துவிடும். 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு அதே முறை ஆபத்தாக முடியலாம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் தாளம் தப்பாமல் மாற்றி மாற்றிச் செய்யும் திறன், கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில்தான் கூடிவரத் தொடங்குகிறது. அது நன்றாகப் படிவதற்கு 37 வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். கவிழ்ந்த புட்டியிலிருந்து பால் தானாகவே தொண்டைக்குள் இறங்கும்போது, ஒரு வாய்ப் பாலை விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது. மூச்சுக்கு இடம் கிடைக்காமல் குழந்தைக்குப் புரை ஏறுகிறது. எனவே பால் சீக்கிரம் இறங்குவதற்காக அல்ல, மூச்சு தடைபடாமல் இருப்பதற்காகவே குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்ற வேண்டும் என்பதைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருக்கும் நான் ஒவ்வொரு தாய்க்கும் முதலில் சொல்கிறேன்.

புட்டியே தேவைதானா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரடியாகத் தாய்ப்பால் குடிக்க இன்னும் பலமில்லாத குழந்தைக்கு, பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டும் பழக்கம் நம்மிடம் வெகுகாலமாக உண்டு. நம் மருத்துவமனைகளிலும் அதையே முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். கழுவுவது எளிது, கிருமி தங்கும் இடுக்குகளும் குறைவு. இந்தியாவில் பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆயினும் மருத்துவர் பார்த்து, உங்கள் குழந்தைக்குப் புட்டிதான் பொருந்தும் என்று சொல்லியிருந்தால், மனம் கலங்காமல் சரியாகக் கொடுக்கக் கற்றுக்கொள்வதே செய்ய வேண்டியது.

இதற்கு ஏற்ற நிலை, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கவைப்பது. முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைச் சிறு முக்காலியின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து, மடியே ஒரு சரிவாகிவிடும். குழந்தையை மெல்லிய துணியில் சுற்றுங்கள், ஆனால் இரு கைகளும் முகத்தருகே கூடியிருக்கும்படி விடுங்கள். கைகள் பக்கவாட்டில் விரிந்து கிடந்தால் குழந்தை அடிக்கடி திடுக்கிட்டு உறிஞ்சுவதை விட்டுவிடும். பிறகு குழந்தையின் தலை உங்கள் முழங்கால் பக்கமும், கால்கள் உங்கள் வயிற்றுப் பக்கமும் வருமாறு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குக் குழந்தையின் முகம் வலக்கைப் பக்கமே வந்துவிடும். இடக்கை பின்னாலிருந்து கழுத்தையும் தோளையும் தாங்கும். பின்மண்டையைப் பிடித்து முன்னால் தள்ளக் கூடாது.

இப்போது மேலிருந்து ஒருமுறை பாருங்கள். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மேல்பக்கக் காது கூரையைப் பார்க்க வேண்டும். மோவாய் நெஞ்சில் புதைந்தால் மிருதுவான மூச்சுக்குழல் மடங்கும். தலை பின்னால் மல்லாந்தால் விழுங்குவது கடினமாகும். தாய் தன் மார்பில் அணைத்துப் பால் கொடுக்கும்போதும் குழந்தை இப்படி ஒருக்களித்துத்தானே இருக்கிறது! இந்த நிலையில் வாய்க்குள் அதிகமாக வந்த பால் தொண்டையில் தேங்காமல் கன்னத்தின் ஓரமாக வழிந்துவிடும். மோவாயின் கீழ் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வழிகிற பாலைக் கண்டு வருந்த வேண்டாம்.

புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். நிப்பிளின் பாதிவரை பால் நின்றால் போதும். மெதுவாகப் பால் வரும் நிப்பிளையே வாங்குங்கள். குழந்தை சிரமப்படுகிறதே என்று ஊசியால் துளையைப் பெரிதாக்குவதை மட்டும் எந்நாளும் செய்யாதீர்கள். நிப்பிளை உதட்டில் மெல்லத் தொட்டு, குழந்தை தானாக வாய் திறக்கும்வரை காத்திருங்கள். மூன்று முதல் ஐந்து முறை உறிஞ்சியும் குழந்தை தானாக நிறுத்தி மூச்சு வாங்கவில்லை என்றால், நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலேயே புட்டியின் அடிப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். நிப்பிளில் உள்ள பால் பின்வாங்கும், குழந்தை இரண்டு மூன்று மூச்சு விடும். மீண்டும் உறிஞ்சத் தொடங்கியதும் புட்டியை உயர்த்தலாம்.

குழந்தை தன் சிரமத்தை அழுது சொல்லாது, கையால் சொல்லும். நன்றாகக் குடிக்கும்போது மோவாயருகே தளர்ந்து மூடியிருக்கும் விரல்கள், மூச்சு முட்டத் தொடங்கியதும் ஐந்தும் தனித்தனியாக விறைத்து விரியும். கூடவே புருவம் சுருங்கும், மூக்குத் துளைகள் விடைக்கும், கடக்கடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலே புட்டியை வெளியே எடுத்து, மூச்சு சீராகும்வரை பொறுத்திருங்கள். பாதியிலேயே கண் சொருகித் தூங்கிவிட்டால், உள்ளங்காலைச் சுண்டியோ நிப்பிளை வாயில் ஆட்டியோ மிச்சத்தைப் புகட்ட முயல வேண்டாம். இருபது முதல் முப்பது நிமிடத்துக்கு மேல் போனால், குடிக்கும் பாலைவிட அதற்குச் செலவாகும் சக்தி பெரிதாகிவிடும். அளவு தொடர்ந்து குறைந்தால், அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒருக்களித்த நிலைக்குப் பழகாத சில குழந்தைகளை, ஏறக்குறைய உட்கார்ந்திருப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்தும் கொடுக்கலாம். அப்போதும் புட்டி படுக்கைவாட்டில்தான் இருக்க வேண்டும். தலையணையில் புட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு நகர்வது எந்த நிலையிலும் கூடாது.

ஏப்பம் விடவைக்க, குழந்தையை மடியில் உட்காரவைத்து, ஒரு கையால் நெஞ்சையும் தாடை எலும்பையும் தாங்கி, மறு கையால் முதுகை மெல்லத் தடவுங்கள். தாங்கும் விரல்கள் தொண்டையில் பட வேண்டாம். பிறகு இருபது நிமிடமாவது நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்திருங்கள். ஒருக்களித்துக் கிடப்பது பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது. தூங்கவைக்கும்போது மல்லாத்தித்தான் படுக்கவைக்க வேண்டும்.

பால் கொடுக்கும்போது உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உடனே புட்டியை எடுத்துவிட்டுக் குழந்தையை நிமிர்த்தி, சற்று முன்சாய்த்து, முதுகைத் தேய்த்துவிடுங்கள். நிறம் திரும்பிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நிறம் திரும்பாவிட்டால் அல்லது குழந்தை துவண்டுபோனால், இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன்பே, குழந்தைக்குச் செயற்கைச் சுவாசம் தரும் முறையைச் செவிலியரிடம் கேட்டு, பொம்மையில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.