முடக்கு வருமுன் முடிக்க வேண்டிய வேலை

என் அக்காவின் மகள் ஆவணியில் ஒரு பழைய வகன் ஆர் கார் வாங்கினாள், கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வர. மார்கழி லீவுக்கு அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்கு, நுவரெலியா போகப்போகிறாளாம். "ஒட்டோமற்றிக் தானே மாமா, அது தன்ர பாட்டில பாக்கும். நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?" என்றாள். மூன்று ஞாயிறு பக்கத்தில் இருந்து அவளை ஓடவைத்தேன். வளைவுகளில் கார் ஓடுவது பற்றி அவளுக்குச் சொன்னதை எழுதுகிறேன், மனுவல் கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

மலை இல்லாத ஊர்க்காரர் எங்களுக்கு வளைவு ஓட வராது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வலிகாமத்து ஒழுங்கைகளில் ஓடிப் பழகியவர் அப்படிச் சொல்லமாட்டார். காணி எல்லையைச் சுற்றிச் சுற்றிப் போகிற ஒழுங்கை, கொஞ்சத் தூரத்துக்கு ஒரு முடக்கு, அதாவது திருப்பம், அதுவும் செங்கோணமாக. ஒரு பக்கம் கிளுவை வேலி, மறுபக்கம் மதில். அப்பால் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளை வருகிறதா, லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர ரக்ரர் வருகிறதா, கயிறு அறுத்த மாடு நிற்கிறதா, ஒன்றும் தெரியாது. மலைநாட்டில் பல வளைவுகளில் பள்ளத்துக்கு அப்பால் அடுத்த றோட்டே தெரியும். அங்கே போகமுன் இந்த ஒழுங்கையில்தான் அவளுக்கு முதற் பாடம்: கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் காரை நிறுத்தக்கூடிய வேகம்தான் உங்கள் வேகம். மதில் முடக்கென்றால் முதலாம் கியர், ஒரு ஹோர்ன், நடக்கிற வேகம்.

நான் ஓடப் பழகியது அப்பாவின் மொறிஸ் மைனரில். 948 சீசீ எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பின்சக்கர ஓட்டம். 1990களில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். மண்ணெண்ணெயில் இழுவை குறைவு. ஒருமுறை வேகத்தை இழந்தால் திரும்ப எடுக்க நேரமும் எண்ணெயும் செலவாகும். அதனால் அப்பா தூரத்திலேயே முடக்கைப் பார்த்து, காலை எடுத்து, காரை உருளவிட்டு, பிரேக்கை மெல்லத் தொட்டு எடுப்பார். பின்சீற்றில் இருப்பவருக்கு வளைவு வந்ததே தெரியாது. நல்ல ஓட்டம் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

கண்ணில் இருந்து தொடங்குவோம். திறந்த றோட்டில் வளைவை நெருங்கும்போது இடது கரையும் வலது கரையும் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வதுபோல் ஓர் இடம் தெரியும். பார்வை அங்கே இருக்க வேண்டும். நீங்கள் கிட்டப் போகப் போக அந்த இடம் அசையாமல் நின்றால் வளைவு இறுக்கமானது, வேகத்தைக் குறையுங்கள். உங்களோடு சேர்ந்து விலகிக்கொண்டே போனால் உங்கள் வேகம் சரி. உங்களைவிட வேகமாக விலகி ஓடினால் வளைவு விரிகிறது, மெல்லக் கால் வைக்கலாம். மருமகளுக்கு இது பிடிபட ஒரு முழு ஞாயிறு எடுத்தது. பிடிபட்டதும் அவளுடைய பிரேக் தானாகவே முன்கூட்டி விழத் தொடங்கியது. எனக்கு அது பெரிய சந்தோசம்.

அடுத்தது எங்கே ஓடுவது. நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். இடது வளைவென்றால் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்தால் தூரம் தெரியும். வலது வளைவென்றால் இடது கரையோரம். ஆனால் எதிரே பஸ் நடுக்கோட்டைத் தின்றுகொண்டு வந்தால், அல்லது கரையில் சைக்கிளோ மணலோ இருந்தால், தெரிகிற தூரத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்குங்கள். பந்தயக்காரர்போல் எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுப்பது பொது றோட்டில் கூடவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. பழைய றோட்டுகள் நடுவில் உயர்ந்து கரையில் தாழ்ந்திருக்கும். இடது வளைவில் அந்தச் சரிவு உள்பக்கம் சாய்ந்து காரைத் தாங்கும். வலது வளைவில் அதே சரிவு உங்களை வெளியே தள்ளும். ஒரே அளவு வளைவுதான், ஒரே றோட்டுத்தான், ஆனாலும் வலது வளைவுக்கு வேகம் குறைய வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 30 மீற்றர் ஆரை உள்ள ஒரு வளைவை 30 கிலோமீற்றர் வேகத்தில் எடுத்தால், ரயர்கள் பக்கவாட்டில் பிடிக்க வேண்டிய விசை காரின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. 40 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. 50 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. காய்ந்த காப்பற் (தார்) றோட்டில் நல்ல ரயர் அதைச் சமாளிக்கும். நனைந்த றோட்டில் தேய்ந்த ரயருக்கு அது எட்டாது. வேகமானி முள்ளில் பத்துத்தான் கூடுகிறது, ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வெங்காயத் தோட்டத்தில் இருந்து ஏறும் ரக்ரர் சக்கரங்கள் செம்மண்ணை றோட்டில் விட்டுப்போகும். ஐப்பசியில் முதல் மழை விழுந்தவுடன் அது களியாகிச் சவர்க்காரம்போல் வழுக்கும்.

அப்படி ஓர் ஐப்பசியில் உரும்பிராய்ப் பக்கம் ஒரு வலது முடக்கில் நான் பிழைவிட்டேன். உள்ளே போன பிறகுதான் வேகம் கூட என்று தெரிந்தது. பயத்தில் அக்சிலேற்றரில் இருந்து காலை ஒரேயடியாக எடுத்தேன். காரின் பாரம் முன்னுக்கு வந்து பின்பக்கம் இலேசாகி, பின்சக்கரங்கள் பிடி விட்டன. வால் இடப்பக்கம் சுழன்று வேலியை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனோம். பக்கத்தில் இருந்த தம்பிக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: வளைவுக்குள் போனபின் காலால் திடீரென்று எதையும் செய்யாதீர்கள், எடுப்பதையும் சேர்த்துத்தான். பின்சக்கர ஓட்டக் காரில் வால் விலகினால், வால் போகிற பக்கமே ஸ்ரியறிங்கைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள்.

கியர் மாற்றமும் வளைவுக்கு முன்னமே முடிய வேண்டும். மைனரில் முதலாம் கியருக்கு சிங்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே பொருத்தும் அமைப்பு, இல்லை. உருளும்போது அதற்கு இறக்க, கிளச்சை அமத்தி நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு எஞ்சினை ஒருதரம் உறுமவைத்து, மறுபடி கிளச் அமத்தித்தான் போடலாம். இன்றைய மனுவல் காரில் அவ்வளவு தேவையில்லை. ஆனால் கியரை இறக்கும்போது அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுழற்சியைக் கூட்டி, பிறகு கிளச்சை விடுங்கள். அப்படிச் செய்யாமல் நனைந்த றோட்டில் கிளச்சைப் பட்டென்று விட்டால் ஓட்டும் சக்கரங்கள் உலுக்குப்பட்டு வழுக்கும்.

நன்றாகப் பழகியவர்களுக்கு ஒரு படி மேலே. நேராக இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பங்கை முடித்துவிட்டு, கடைசிச் சிறு அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளைவுக்குள் நுழையலாம். ஸ்ரியறிங் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பிரேக் குறைய வேண்டும். தோட்டத்தில் ஒரு வாய்க்கால் தண்ணீரை இரண்டு பாத்திக்குப் பிரித்துவிடுவதை நினையுங்கள்: இங்கே திறந்தால் அங்கே குறையும். ரயரின் பிடியும் அப்படித்தான், நிறுத்தவும் திருப்பவும் ஒரே தண்ணீர். அந்தச் சிறு அழுத்தம் முன்சக்கரங்களில் பாரத்தை வைத்திருப்பதால் கார் உள்ளே திரும்ப மனம் வைக்கும். மழையில் இதைச் செய்ய வேண்டாம்.

இனி மருமகளின் கார். வகன் ஆர் முன்சக்கர ஓட்டம், உயரம் கூட. வேகம் மிஞ்சினால் பெரும்பாலும் வால் விலகாது. ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும். எல்லாரும் இன்னும் திருப்புவார்கள். அது பிழை. காலை மெல்லத் தளர்த்தி, ஸ்ரியறிங்கையும் சற்றுக் குறைத்தால் ரயருக்குப் பிடி திரும்பும். பிரேக்கில் சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் ஆபத்து வந்தால் பிரேக்கை முழுதாக அமத்திப் பிடியுங்கள். பெடல் அதிர்ந்தால் விடாதீர்கள், அது வேலை செய்கிறது, திருப்பவும் முடியும். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி எல்லாக் காரிலும் இல்லை. சாவியைத் திறக்கும்போது காரும் நெளிந்த இரண்டு கோடும் உள்ள சிறு விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். ஈஎஸ்சி தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும். இல்லாத பிடியை உண்டாக்காது.

புதிய கார்களில் எனக்குப் பிடிக்காதது கண்ணாடிக்குப் பக்கத்துத் தடித்த தூண். வலது வளைவில் ஒரு மோட்டார்சைக்கிள் முழுதாக அதற்குப் பின்னால் மறைந்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

மலையில் ஏறும்போது ஊசிவளைவுக்கு முன்னமே தாழ்ந்த கியர் போடுங்கள், வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. இறங்கும்போது ஏறிவருகிற வாகனத்துக்கு வழிவிடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குவது முழுக்க வளைவு. ஒட்டோமற்றிக் கியரை டியில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடி குறையும். டிக்குக் கீழே எல் அல்லது எஸ் இருக்கும், சில ஹைபிரிட்டில் பி. அதில் போட்டு எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடியுங்கள். மனுவல் என்றால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கம்பளையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டும்போது முன்சக்கரத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இளஞ்சூடு என்றால் நல்லாக இறங்கியிருக்கிறீர்கள். அனல் அடித்து எரிந்த மணம் வந்தால் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹாண்ட்பிரேக் போடாமல் அரைமணித்தியாலம் ஆறவிட்டுப் புறப்படுங்கள்.